அப்பத்தாவும் ஏறலாம்!

சித்திரைத் திருவிழா வந்தால் வீரபாண்டிக்குத் தூக்கம் கிடையாது.

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லைப் பெரியாற்றின் கரையில் இருக்கிறது இந்த ஊர். கவுமாரியம்மன் கோவில் திருவிழா எட்டு நாள் நடக்கும். இரவும் பகலும் கூட்டம் வந்தபடி இருக்கும். ஒரு பக்கம் அக்கினிச் சட்டி. ஒரு பக்கம் ஆயிரங்கண் பானை. சாமி கும்பிட்டு வெளியே வந்தால், எதிரே ராட்டினங்கள்!

பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறுகிறார்கள். கூடவே அப்பாவும் ஏறுகிறார். அம்மா கீழே நிற்கிறார். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பை. அப்பத்தா ஓர் ஓரமாக உட்கார்ந்து, செருப்புகளுக்குக் காவல் இருக்கிறார்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லோரும் சேர்ந்துதான் கிளம்பினார்கள். ராட்டினத்தில் ஏறியதோ பாதிக் குடும்பம்தான்.

இது வீரபாண்டியில் மட்டும் உள்ள நிலை அல்ல. பல கோடி செலவில் கட்டிய பெரிய பூங்காக்களிலும் இதே கதைதான். அங்கே செருப்புக்குப் பதில் செல்போன். தரைக்குப் பதில் பெஞ்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது உலகத்தின் பெரிய பூங்காக்கள் இந்தக் குறையைக் கவனிக்கத் தொடங்கி இருக்கின்றன. "உயரமான ராட்டினம் யாரிடம்?" என்ற போட்டி இன்னும் ஓயவில்லை. அதன் பக்கத்திலேயே, "குடும்பம் முழுவதும் ஏறும் சவாரி யாரிடம்?" என்ற புதிய போட்டியும் மூண்டிருக்கிறது.

குடும்பத்துக்கு என்று ஒரு பகுதி

ஆங்காங் நகரில் உள்ள டிஸ்னி பூங்காவில், 2023-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி ஒரு புதிய பகுதி திறக்கப்பட்டது. அக்காள் தங்கை இருவரின் பாசத்தைச் சொல்லும் "ஃப்ரோசன்" என்ற படத்தின் கதையை வைத்து அது அமைக்கப்பட்டது. படத்தில் வரும் ஊரையே அங்கே கட்டி விட்டார்கள்.

அந்த ஊருக்குள் ஒரு படகுச் சவாரி. படகு இருட்டுக்குள் நுழைகிறது. இரு பக்கமும் கதையின் காட்சிகள் வருகின்றன. பொம்மைகள் பேசுகின்றன, பாடுகின்றன. இதில் ஏறுவதற்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. பேரனும் ஏறலாம். பாட்டியும் ஏறலாம்.

தமிழர்கள் அதிகம் போய்வரும் சிங்கப்பூரிலும் இதே மாற்றம்தான். செந்தோசா தீவில் உள்ள யுனிவர்சல் பூங்காவில் 2013-ம் ஆண்டிலேயே சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இருட்டுச் சவாரி வந்து விட்டது. 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், "மினியன்" என்ற மஞ்சள் நிறக் குட்டி மனிதர்களின் பெயரில் ஒரு பகுதி முழுவதையுமே அங்கே திறந்தார்கள்.

ஏன் இந்த மாற்றம்? காரணம் கருணை மட்டும் அல்ல. கணக்கும் உண்டு.

பூங்காவில் டிக்கெட் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். வாலிபன் இருபது சவாரி போகிறான். பாட்டி ஒன்றிலும் ஏறுவதில்லை. ஆனாலும் பாட்டிக்கும் டிக்கெட் உண்டு. "இதற்கா இவ்வளவு பணம்?" என்று பாட்டி வீட்டில் வந்து கேட்டால், அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் வராது. எல்லோரும் மகிழ்ந்த குடும்பம் மறுபடியும் வரும். அதிக நேரம் இருக்கும். அங்கேயே சாப்பிடும். இதைப் பூங்கா முதலாளிகள் நன்றாகப் புரிந்து கொண்டார்கள்.

இருட்டுச் சவாரி என்றால் என்ன?

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது தலைகீழாகப் புரட்டும் சவாரி அல்ல. ஒரு சின்ன வண்டி. அல்லது ஒரு படகு. நாலைந்து பேர் சேர்ந்து உட்காரலாம். வண்டி தண்டவாளத்தில் மெல்லப் போகிறது. ஓர் அறையைத் தாண்டினால் இன்னோர் அறை. ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி.

இருட்டு எதற்கு? சுவரையும் கூரையையும் மறைப்பதற்கு. வெளிச்சம் எங்கே விழுகிறதோ, அங்கேதான் கண் போகும். வண்டி அடிக்கடி வளைந்து திரும்புவதால், அடுத்த காட்சி முன்கூட்டியே தெரியாது. சின்னக் கட்டிடம்கூடப் பெரிய காடு போலத் தோன்றும்.

1928-ம் ஆண்டு அமெரிக்காவில் லியோன் காசிடி என்பவர் இதை எளிமையாக்கினார். அதற்கு முன்பு, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டுப் படகு ஓட்ட வேண்டும். அதற்குச் செலவு அதிகம். காசிடி, ஒற்றைத் தண்டவாளத்தில் மின்சார வண்டியை ஓட விட்டார். வளைந்து வளைந்து போனதால், அந்த ஊர் முறுக்கு ரொட்டியின் பெயரே அந்தச் சவாரிக்கு வந்து விட்டது!

பஸ் கண்ணாடியில் தெரியும் பேய்

இந்தச் சவாரிகளில் சில நேரம், காற்றில் மிதக்கும் உருவம் ஒன்று தெரியும். அதன் வழியாகப் பின்னால் உள்ள நாற்காலியும் தெரியும். "பேய்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

அது பேய் அல்ல, கண்ணாடி. 1862-ம் ஆண்டு லண்டனில் ஜான் பெப்பர் என்பவர் மேடையில் காட்டிய வித்தை இது. பார்ப்பவர்களுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடித் தகட்டைச் சாய்வாக வைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஓர் உருவத்தை நிறுத்தி, அதன் மேல் பளிச்சென்று விளக்கைப் போடுவார்கள். அதன் நிழலுருவம் கண்ணாடியில் விழும். காற்றில் மிதப்பது போல இருக்கும். விளக்கை அணைத்தால் பேய் மறைந்து விடும்!

இரவு பஸ்சில் கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறியவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பஸ்சுக்குள் விளக்கு எரியும். வெளியே கும்மிருட்டு. ஜன்னல் கண்ணாடியில் பார்த்தால், நம் முகமே வெளியே மரங்களுக்கு நடுவே மிதந்து வரும். அதே வித்தைதான் இது.

பெஞ்சில் பிறந்த யோசனை

இன்றைய குடும்பப் பூங்காக்களுக்கு வழிகாட்டி, வால்ட் டிஸ்னி. மிக்கி எலியைப் படமாக்கியவர்.

அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு பூங்காவுக்கு அவர்களை அழைத்துப் போவார். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டாமா?" என்று அந்த பெஞ்சில்தான் அவருக்குத் தோன்றியது. இதை அவரே பின்னாளில் சொல்லி இருக்கிறார்.

1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி அவருடைய பூங்கா திறக்கப்பட்டது. முதல் நாளிலேயே மூன்று இருட்டுச் சவாரிகள் இருந்தன.

அவற்றில் ஒன்று, சுனோ ஒயிட் என்ற இளவரசியின் கதை. அதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஏறுபவர்தான் இளவரசி என்று எண்ணி அதை அமைத்திருந்தார்கள். அதனால் உள்ளே இளவரசி பொம்மையே கிடையாது. சூனியக்காரிதான் திரும்பத் திரும்ப வந்தாள். "இளவரசி எங்கே?" என்று மக்கள் கேட்டார்கள். குழந்தைகள் அழுதார்கள். 1983-ம் ஆண்டில்தான் இளவரசியை உள்ளே வைத்தார்கள். 2021-ம் ஆண்டில் பயத்தைக் குறைத்து, முடிவை இன்பமாக்கி, மறுபடியும் திறந்தார்கள்.

குழந்தையைப் பயமுறுத்துவது சுலபம். குழந்தை, தாய், பாட்டி மூவரையும் ஒரே நேரத்தில் மகிழ்விப்பதுதான் கடினம். அதைக் கற்றுக்கொள்ள அந்தப் பூங்காவுக்கே பல ஆண்டுகள் பிடித்தன.

நம் நாட்டில் என்ன நிலை?

1984-ம் ஆண்டு டெல்லியில் "அப்பு கர்" பூங்கா திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பெரிய கேளிக்கைப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். 2000-ம் ஆண்டில் கொச்சி அருகே "வீகாலேண்ட்" வந்தது. பிறகு அதன் பெயர் "வொண்டர்லா" என்று மாறியது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாக மலை இறங்கினால் போய்ச் சேரக்கூடிய பூங்கா அது. மதுரைக்குப் போனால், பரவையில் "அதிசயம்" பூங்கா இருக்கிறது.

2025-ம் ஆண்டு டிசம்பர் மாதம், சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. 64 ஏக்கர் நிலம். சுமார் 611 கோடி ரூபாய் முதலீடு. நாற்பதுக்கு மேற்பட்ட சவாரிகள்.

தேனிக்காரர்களுக்கு இது முன்பு போல எட்டாத தூரம் அல்ல. மதுரை - போடி மீட்டர்கேஜ் ரெயில் 2010-ம் ஆண்டு முடிவில் நிறுத்தப்பட்டது. பாதையை அகலமாக்கி, 2022-ம் ஆண்டு மே மாதம் தேனி வரை ரெயில் வந்தது. 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் போடி வரை வந்தது. அப்போதே போடியிலிருந்து சென்னைக்கு வாரம் மூன்று நாள் ரெயிலும் தொடங்கியது. இரவில் ஏறினால் காலையில் சென்னை!

இந்தியப் பூங்காக்களுக்குப் பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் தண்ணீர் விளையாட்டும், வேகமாகச் சுழலும் எந்திரங்களும்தான். இருட்டுச் சவாரிகள் மிகக் குறைவு. மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே, கோபோலியில் 2013-ம் ஆண்டு திறக்கப்பட்ட "இமேஜிகா" பூங்காவில் அலிபாபா கதையை வைத்து ஒன்று அமைத்தார்கள். வண்டியில் உட்கார்ந்து, விளையாட்டுத் துப்பாக்கியால் திருடர்களைக் குறி வைக்க வேண்டும். 1956-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். நடித்து வண்ணப் படமாக வந்த அதே அலிபாபாவும் 40 திருடர்களும்தான்!

ஏன் குறைவு? சுழலும் எந்திரத்தை விலைக்கு வாங்கலாம். லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராகப் பூட்டலாம். இருட்டுச் சவாரி அப்படி அல்ல. கட்டிடம் வேண்டும். கதை வேண்டும். பொம்மை செய்ய, வண்ணம் தீட்ட, பாட்டு அமைக்க ஆள் வேண்டும். பழுதானால் அதே ஊரில் சரி செய்ய வேண்டும். ஒரு முறை கட்டினால் இடம் மாற்ற முடியாது. போட்ட பணம் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆனால் தமிழ்நாட்டின் வெயிலுக்கு ஏற்றது இதுதான். பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. நடுப்பகலில் இரும்பு ராட்டினத்தைத் தொட முடியாது. இருட்டுச் சவாரியோ கூரைக்குக் கீழே நடக்கிறது. வெயிலும் இல்லை; மழையும் இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

சின்னமனூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், அப்பத்தா. சென்னைப் பூங்காவுக்குப் போகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம்.

திறப்பு நேரத்தில் அங்கே தலைக்குக் கட்டணம் சுமார் 1,500 ரூபாய். ஐந்து பேருக்கு 7,500 ரூபாய். பிள்ளைகளுக்குச் சலுகை கிடைத்தால் கொஞ்சம் குறையும். ரெயில் செலவும் சாப்பாடும் தனி.

2025-26-ம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால், 7,500 ரூபாய் என்பது 22 நாள் கூலி! திராட்சைத் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் பாடுபடும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல.

டிக்கெட்டுக்குள் வரியும் இருக்கிறது. பூங்காக் கட்டணத்தின் மீது முதலில் நூற்றுக்கு 28 வரி இருந்தது. 2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

இவ்வளவு பணம் கொடுத்துப் போன பிறகு, அம்மாவும் அப்பத்தாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எப்படி? ஐந்து பேர் கொடுத்த பணத்தில் மூன்று பேர் மட்டும் மகிழ்ந்ததாகத்தானே அர்த்தம்? அதனால்தான், குடும்பத்துக்கு என்று ஒரு பகுதி இருக்கிறதா, இல்லையா என்பது ஆடம்பரக் கேள்வி அல்ல. அது ஏழைக் குடும்பத்தின் பணத்தைப் பற்றிய கேள்வி.

இருட்டில் ஓர் ஆபத்து

மகிழ்ச்சியைச் சொல்லும்போது ஆபத்தையும் சொல்ல வேண்டும்.

உயரமான சவாரியில் எந்திரம் நின்று போகும் ஆபத்து உண்டு. 2025-ம் ஆண்டு மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் அப்படி நடந்தது. சுமார் 30 பேர் உயரத்தில் மாட்டிக் கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் அவர்களைப் பத்திரமாக இறக்கினார்கள்.

இருட்டுச் சவாரியில் உயரம் இல்லை. ஆனால் அங்கே எமன், நெருப்பு.

1979-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரப் பூங்காவில், பேய் ரெயில் என்ற இருட்டுச் சவாரி தீப்பிடித்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேர் சிறுவர்கள். 1984-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில், நடந்து போய்ப் பார்க்கும் பேய் மாளிகை ஒன்று எரிந்தது. எட்டு இளம் பிள்ளைகள் மாண்டார்கள். இருட்டு, புகை, வளைந்த பாதை. வழி தெரியவில்லை. தீயை அணைக்கத் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களும் இல்லை.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2024-ம் ஆண்டு மே 25-ந் தேதி குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் விளையாட்டுக் கூடம் ஒன்று எரிந்தது. குழந்தைகள் உட்பட 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயணைப்புத் துறையின் அனுமதிச் சான்று அந்தக் கூடத்துக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, திருவிழாப் பேய் வீடானாலும் சரி, பெரிய பூங்காவின் இருட்டுச் சவாரியானாலும் சரி, டிக்கெட் வாங்கும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு.

வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா? "வெளியே" என்ற விளக்கு எரிகிறதா? தீயணைப்புக் கருவி கண்ணில் படுகிறதா? வயர்கள் துணியிலும் ஒட்டுப் பலகையிலும் உரசிக் கொண்டிருக்கின்றனவா? உள்ளே எத்தனை பேர் என்று எண்ணி விடுகிறார்களா? வண்டி நின்று போனால் விளக்கைப் போட ஆள் இருக்கிறாரா?

கேட்பதில் வெட்கம் இல்லை. பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் ஏறாமல் இருப்பதே நல்லது.

கேட்பவர்கள் பொதுமக்கள் மட்டும் என்று இருக்கக் கூடாது. திருவிழாக்களில் ராட்டினம் போடும் உரிமை ஏலம் விடப்படுகிறது. ஏலத்தொகை ஏறினால், எட்டு நாளில் அதை எடுத்தாக வேண்டும் என்ற அவசரம் வருகிறது. டிக்கெட் விலை ஏறும். ஓய்வில்லாமல் எந்திரம் ஓடும். ஆகவே, ஏலம் விடும் அதிகாரிகள், எந்திரத்தையும் வயரையும் சோதிக்கும் பொறுப்பையும் அதே அக்கறையோடு செய்ய வேண்டும்.

மலைக்குள் நடந்த சவாரி

கம்பம் பள்ளத்தாக்குக்கு இப்படி ஒன்று வருமா? கேள்வி நியாயமானதே. இங்கே இடத்துக்குப் பஞ்சம் இல்லை. கதைக்கும் பஞ்சம் இல்லை.

1959-ம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையில் பெரிய பூங்கா இருக்கிறது.  சில ரூபாய் கொடுத்தால் குடும்பம் முழுவதும் உள்ளே போகலாம். கட்டுச்சோறு கொண்டு போய் மரத்தடியில் சாப்பிடலாம். அங்கே செருப்புக்குக் காவல் இருக்கும் அப்பத்தாவும் குடும்பத்தோடுதான் இருக்கிறார். விலை உயர்ந்த பூங்காக்கள் இன்று கோடி கோடியாகச் செலவழித்துத் தேடுவது இதைத்தான்.

கதையோ, பள்ளத்தாக்கின் தண்ணீரிலேயே இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை, பென்னிகுவிக் என்ற என்ஜினீயர் கிழக்கே திருப்பினார். 1887-ம் ஆண்டு வேலை தொடங்கியது. காட்டாற்று வெள்ளமும் மலேரியாக் காய்ச்சலும் பல தொழிலாளர்களைக் கொண்டு போயின. 1895-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அணை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து, சுமார் ஒரு மைல் நீளச் சுரங்கத்தின் வழியே தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வந்தது.

ஒரு மைல் இருட்டைக் கடந்து, மறுபக்கம் வெளிச்சத்தில் வந்து விழுந்த தண்ணீர்! அதுதான் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களைப் பச்சையாக்கியது. லோயர் கேம்பில் பென்னிகுவிக்குக்கு 2013-ம் ஆண்டு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அங்கே போகிற பிள்ளைகள் சிலையைப் பார்க்கிறார்கள். அந்தச் சுரங்கத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஒரு சின்ன வண்டி. ஓர் இருட்டு அறை. வெட்டுகிற கூலியாட்கள், பெருகுகிற வெள்ளம், கடைசியில் வெளிச்சம், பச்சை வயல். அரசாங்கம் மனம் வைத்தால், பொம்மைக் கலைஞர்களையும் உள்ளூர்த் தச்சர்களையும் கொண்டே இதைச் செய்ய முடியும். கட்டணம் வைகை அணைப் பூங்கா போலச் சில ரூபாயாக இருந்தால், கூலிக்காரர் குடும்பமும் ஏற முடியும்.

அப்படி ஒரு நாள் வந்தால், வண்டி கிளம்பும் முன் பேத்தி திரும்பிப் பார்ப்பாள்.

"நீயும் வா, அப்பத்தா!" என்று கூப்பிடுவாள்.

அப்பத்தா செருப்புகளை ஓரமாக வைத்து விட்டு ஏறி உட்காருவார். வயலில் பாய்ந்த தண்ணீரின் கதையைப் பேத்திக்குச் சொல்ல, அந்த வண்டியில் அவரை விடப் பொருத்தமானவர் யார்?